சீட்டு இல்லாத நூலின் நம்பர்: சைதாப்பேட்டைக் கைத்தறியும் நூலளவையின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

நூலின் பருமனைக் குறிக்கும் ‘நம்பர்’ என்னும் அளவை, ஆலைநூலோடு 19ஆம் நூற்றாண்டில் தமிழகத் தறிகளை வந்தடைந்தது. நூல் சிப்பத்தின் மேல் ஒட்டிய சீட்டே அந்த நம்பருக்குச் சான்றாக நின்றது. சீட்டு இல்லாதபோதும் சீட்டு பொய்த்தபோதும் நூலின் நம்பரை எவ்வாறு அறிய முடிந்தது என்பதை, சென்னைக் கைக்குட்டை நெய்த ஊர்களுள் ஒன்றான சைதாப்பேட்டையை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. நீளம் குறைத்துச் சுற்றிய சிட்டத்தை எண்ணிப் பார்த்தோ நிறுத்துப் பார்த்தோ கண்டறிய இயலாது என்பதும், அதனால் விளைந்த இழப்பு தறியில் அமர்ந்தவரையே சேர்ந்தது என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: சைதாப்பேட்டை, கைத்தறி, நூல் நம்பர், சிட்டம், சென்னைக் கைக்குட்டை, அளவை வரலாறு

முன்னுரை

கைத்தறி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் துணியை எழுதினர். நூலை எழுதியவர் குறைவு. ஆலைத்துணியின் போட்டி, கூலி, கடன், கூட்டுறவு ஆகியவை பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. தறிக்கு வந்த நூல் உண்மையில் எந்த நூல் என்னும் கேள்வி அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. நெசவாளருக்கோ அதுவே முதற்கேள்வி. நெய்யப்போகும் துணியின் அகலம், இழைநெருக்கம், எடை, விலை ஆகிய அனைத்தும் அதற்குரிய விடையைப் பொறுத்தவை.

சீட்டு இல்லாத நூல் என்பது அரிதான நிகழ்வன்று. பத்து இராத்தல் எடையுள்ள 40ஆம் நம்பர் சிப்பம் ஒன்றில் 400 சிட்டங்கள் இருக்கும், சீட்டு ஒன்றே. சிப்பம் பிரிக்கப்பட்டுச் சில சிட்டங்கள் மட்டும் கைமாறும்போது சீட்டு கடையிலேயே தங்கிவிடும். முதலாளி பாவை ஆயத்தம் செய்து கொடுத்து, ஊடைக்கு வேண்டிய நூலைச் சிறுகச் சிறுக வழங்கும் முறையில் நெய்தவருக்குச் சீட்டைக் காணும் வாய்ப்பே இல்லை. ஆகவே தறியைச் சேர்ந்த நூலின் பெரும்பகுதி சீட்டிழந்த நூலே எனலாம்.

எண்ணுக்கு முன்

தமிழ் இலக்கியம் நூலின் நுண்மையை உவமையால் கூறியது. பொருநராற்றுப்படை, இழையின் ஓட்டத்தைக் கண்ணால் தொடர முடியாத ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிடுகிறது. நூற்ற பெண்டிரைப் புறநானூறு ‘பருத்திப் பெண்டிர்’ என அறிந்திருந்தது. இவ்வுவமைகளைக் கொண்டு சங்ககால நூலின் பருமனைக் கணக்கிட முனைவது பொருந்தாது. நுண்மை அக்காலத்தில் பாராட்டுக்குரிய பண்பாக இருந்தது என்பதற்கு மேல் அவை எதையும் நிறுவுவதில்லை.

சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய வணிகர் துணி வாங்கத் தொடங்கிய காலத்தில் நுண்மைக்கு ஓர் எண் கிடைத்தது. ஆனால் அது நூலின் எண் அன்று. ‘புஞ்சம்’ என்பது 120 பாவிழைகள் கொண்ட தொகுதி. குறித்த அகலத்துக்குள் எத்தனை புஞ்சம் அடங்குகிறது என்பதைக் கொண்டு துணி தரம் பிரிக்கப்பட்டது. புஞ்சம் கூடினால் இழை நெருங்கும். இழை நெருங்க வேண்டுமாயின் நூல் மெலிய வேண்டும். இவ்வாறு நூலின் பருமன் அச்சின் வழியாக மறைமுகமாகவே அறியப்பட்டது. தறியின் அச்சுப்பற்களுக்கிடையே நூல் தாராளமாக ஓடுகிறதா, உரசிப் பிசிறு எழுகிறதா என்பதைக் கண்டு அது இவ்வச்சுக்கு உரிய நூலா என்று நெசவாளர் தீர்மானித்தனர். கைந்நூல் ஒரே சீராக இராது. ஒரே சிட்டத்திலும் பருத்தும் மெலிந்தும் ஓடும். அத்தகைய நூலுக்கு ஒற்றை எண் சூட்டினால் அது சராசரியையே குறிக்கும். ஆகவே நூலைத் தேர்ந்து பிரித்துப் பாவுக்கு இது, ஊடைக்கு இது என ஒதுக்கும் திறன் நெசவாளர் வீட்டிலேயே இருந்தது. அளவையும் அளப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது.

அடையாற்றின் வடகரையில்

சென்னைப் பட்டினத்தின் வளர்ச்சி நெசவாளர் குடியேற்றங்களோடு பிணைந்தது. ஆளுநர் காலட் காலத்தில் காலடிப்பேட்டையும், 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டையும் கும்பினியின் துணித்தேவைக்காக அமைக்கப்பட்டன. நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோரை ஓரிடத்தில் குடியமர்த்தியதே சிந்தாதிரிப்பேட்டையின் சிறப்பு. சைதாப்பேட்டை இவ்வகையில் திட்டமிட்டுத் தோன்றிய ஊரன்று. அடையாற்றின் வடகரையில், பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த அவ்வூருக்கு, ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726இல் கட்டுவித்த மர்மலாங் பாலம் போக்குவரத்தைப் பெருக்கியது. மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரே ஐரோப்பியர் வாயில் மர்மலாங் ஆயிற்று. அப்பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. பின்னாளில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், 1860களில் தொடங்கிய அரசு வேளாண் பண்ணையும், 1876 முதல் வேளாண் பள்ளியும் சைதாப்பேட்டையில் இருந்தன. அப்பள்ளியே 1906இல் கோயம்புத்தூருக்கு மாறியது.

கைத்தறியில் சைதாப்பேட்டையும் அதையொத்த சென்னைச் சுற்றூர்களும் அறியப்பட்டது கட்டம் போட்ட துணிக்காக. வணிகத்தில் ‘ரியல் மதராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ எனப்பட்ட சென்னைக் கைக்குட்டை, 36 அங்குலச் சதுரம். எட்டுக் கைக்குட்டைகள் வெட்டப்படாமல் தொடர்ந்து நெய்யப்பட்டு, எட்டு கெஜம் நீளமுள்ள ஒரு பீஸாக விற்கப்படும். லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற இத்துணியை நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் ‘இஞ்சிரி’ என்றனர். பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அதற்கு இடம் இருந்தது. பெயர் கைக்குட்டை எனினும் அங்கே அது உடுத்தும் துணி.

நூலில் சாயமேற்றிய பின் நெய்யப்படும் கட்டத்துணி நூலின் பருமனை மறைக்காது. கட்டம் என்பது இழைகளின் எண்ணிக்கை. பாவில் இருபது சிவப்பிழை என்றால் ஊடையிலும் இருபது சிவப்பிழை. ஊடைநூல் சற்றே பருத்துவிட்டால் அதே இருபது இழை அதிக இடத்தைக் கொள்ளும், சதுரம் நீள்சதுரமாகும். நெசவாளர் பலகையை இறுக்கி அடித்து ஓரளவுக்கு இதனைச் சரிக்கட்டலாம். அப்போது துணி விறைத்து, முதலில் காட்டிய மாதிரியினின்று வேறுபடும். வெள்ளைத்துணியில் யாரும் காணாத குறையைக் கட்டத்துணி கண்முன் நிறுத்தியது. சைதாப்பேட்டைத் தறிகளில் நூல்நம்பர் ஏன் உயிர்நிலையாக இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

840 கெஜம்

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலிருந்து முறுக்குநூல் 1820களில் இந்தியச் சந்தைக்கு வரத் தொடங்கியது. ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும் (1769) கிராம்ப்டனின் ‘மியூல்’ இயந்திரமும் (1779) கைந்நூலுக்கு இல்லாத ஒரு பண்பை நூலுக்கு அளித்தன: சீர்மை. சீரான நூலுக்கே ஒற்றை எண் பொருந்தும். அந்த எண்ணின் வரையறை எளியது. 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஓர் இராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். நாற்பது சிட்டம் நின்றால் 40ஆம் நம்பர். எண் பெருகப் பெருக நூல் மெலியும் என்பதால் புதிதாகக் கேட்போர் மயங்குவதுண்டு. பாடநூல்கள் இதனை ‘நூல் எண்’ என்று பெயர்த்துள்ளன; நெசவுத் தெருக்களில் இன்றும் அது நம்பர்தான்.

சிட்டத்தின் உள்ளமைப்பும் வரையறுக்கப்பட்டது. சுற்றுச்சட்டத்தின் சுற்றளவு 54 அங்குலம், அதாவது ஒன்றரை கெஜம். எண்பது சுற்று கொண்டது ஒரு ‘லீ’, 120 கெஜம். ஏழு லீ ஒரு சிட்டம். ஓர் இராத்தல் 7,000 கிரெயின் என்பதால் ஒரு லீயின் கிரெயின் எடையைக் கொண்டு 1,000ஐ வகுத்தால் நம்பர் கிடைக்கும். 25 கிரெயின் நின்றால் 40ஆம் நம்பர். 12½ நின்றால் 80. 10 நின்றால் 100.

இங்கு ஓர் ஒற்றுமை கவனத்திற்குரியது. 19ஆம் நூற்றாண்டின் வெள்ளி ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. 40ஆம் நம்பர் நூலின் ஒரு முழுச்சிட்டம் 175 கிரெயின். வெள்ளி ரூபாய் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் இட்டால் மறுதட்டில் 40ஆம் நம்பர் சிட்டம் ஐந்து கிரெயின் குறைவாக ஏறத்தாழச் சமன் செய்யும். 80ஆம் நம்பருக்கு அரை ரூபாய். 20ஆம் நம்பருக்கு இரண்டு ரூபாய். நூலுக்கெனத் தனி எடைக்கல் இல்லாத வீட்டிலும் இச்சோதனைக்குத் தடை இருந்திராது.

இவ்வளவை வந்தபின் நூல் வாங்குவது எளிதாயிற்று என்பது உண்மை. லங்காஷயரில் சுற்றிய நூலைச் சென்னையில் காணாமலே கேட்கலாம், விலை பேசலாம். ஆனால் நூலின் தரத்தை அறிவிக்கும் உரிமை தறியினின்று சீட்டுக்கு மாறிற்று. சுற்றுச்சட்டமும் நுண்தராசும் ஆலையில் இருந்தன. நெசவாளரிடம் இருந்தவை கண்ணும் விரலும் அச்சும்.

குறைந்த சிட்டம்

அவ்வேறுபாட்டில் மோசடி புகுந்தது. நூல் வணிகத்தில் நெடுங்காலம் பேசப்பட்ட குறை, சிட்டத்தின் நீளத்தைக் குறைத்துச் சுற்றுவது. இதன் கணக்கை விரித்துப் பார்ப்பது தேவை. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது வெறும் அளவுக்குறைவாகத் தோன்றும்.

40ஆம் நம்பர் எனச் சீட்டிட்ட பத்து இராத்தல் சிப்பத்தில் 400 சிட்டம் இருக்க வேண்டும். ஒவ்வொரு லீயிலும் எண்பதுக்குப் பதில் 72 சுற்று மட்டும் சுற்றப்பட்டதாகக் கொள்வோம். சிட்டம் 840 கெஜத்துக்குப் பதில் 756 கெஜம். சிப்பத்தின் எடை குறைந்தால் வாங்குபவர் உடனே அறிவார். எனவே எடை குறைக்கப்படுவதில்லை. அதே 400 சிட்டமும் அதே பத்து இராத்தலும் நிற்க வேண்டுமானால் நூல் சற்றுப் பருமனாக இருந்தாக வேண்டும். கணக்கிட்டால் அது 36ஆம் நம்பர்.

வாங்குபவர் சிட்டங்களை எண்ணுகிறார்: 400. சிப்பத்தை நிறுக்கிறார்: பத்து இராத்தல். ஒரு சிட்டத்தை ரூபாய் நாணயத்தோடு நிறுக்கிறார்: 175 கிரெயின். ஒரு லீயைப் பிரித்து நிறுக்கிறார்: 25 கிரெயின். நான்கும் 40ஆம் நம்பர் என்றே சான்று கூறும். ஏனெனில் இந்நான்கு சோதனைகளும் நீளத்தைச் சிட்டத்தினின்று கடன் வாங்குபவை. சிட்டம் பொய்யெனில் அவையும் பொய். சுற்றளவை அளந்து, லீயின் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினால் மட்டுமே எட்டுச் சுற்றின் குறை வெளிப்படும். சுற்றுகளை எண்பதாகவே விட்டுவிட்டுச் சுற்றளவில் ஐந்தரை அங்குலம் குறைத்தாலும் ஏறத்தாழ விளைவு அதுவே. அவ்வாறாயின் எண்ணுவதாலும் பயன் இல்லை, அளவுகோல் வேண்டும்.

கண்ணால் அறிய இயலாதா என்பது அடுத்த கேள்வி. நூலின் விட்டம் நம்பரின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவது. இங்கிலாந்தின் ஷெர்லி நிறுவனத்தைச் சேர்ந்த எஃப். டி. பியர்ஸ் 1937இல் துணியின் வடிவியலை விளக்கியபோது பயன்படுத்திய வாய்பாட்டின்படி, ஓர் அங்குலத்தில் ஒட்டியடுக்கக்கூடிய பருத்தியிழைகளின் எண்ணிக்கை நம்பரின் வர்க்கமூலத்தைப் போல 28 மடங்கு. 40ஆம் நம்பருக்கு அது 177. 36ஆம் நம்பருக்கு 168. அதாவது நீளத்தில் பத்து விழுக்காடு திருடப்பட்டால் பருமனில் ஐந்து விழுக்காடே வேறுபடும். பின்னல் வேலைக்கான கம்பளி நூலை அளவுகோலில் சுற்றி, அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி அதன் வகையைக் கூறிவிடலாம். அங்கே சுற்றுகள் பத்து, பதினைந்து என்னும் அளவில் நிற்பவை. அங்குலத்துக்கு 168 சுற்றா 177 சுற்றா என்று கண் எண்ணாது. விரலும் அறியாது. அச்சும் தடுக்காது.

பணத்தில் மட்டும் இழப்பு முழுமையாக நின்றது. அங்குலத்துக்கு 72 பாவிழையும் 72 ஊடையிழையும் கொண்ட கைக்குட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சேதாரத்தையும் இழை வளைவையும் ஒதுக்கிக் கணக்கிட்டால், ஒரு கைக்குட்டைக்கு 5,184 கெஜம் நூல் வேண்டும். முறையான சிப்பத்தில் உள்ள 3,36,000 கெஜத்தில் 64 கைக்குட்டை, அதாவது எட்டு பீஸ், முழுமையாக வரும். குறைந்த சிப்பத்தின் 3,02,400 கெஜத்தில் 58தான் வரும்: ஏழு பீஸும் இரண்டு கைக்குட்டையும். நூலைக் கடனாகப் பெற்று, இத்தனை பீஸ் தருவதாக ஒப்புக்கொண்டு நெய்தவர் எட்டாவது பீஸுக்கு எங்கே போவார்? நூல் கொடுத்தவரின் கணக்கில் நூல் முழு எடையோடு சென்றிருக்கிறது. துணி குறைந்து திரும்பியிருக்கிறது. இடையில் இருந்தவர் நெசவாளர் ஒருவரே. ஆலையிலோ சுற்றுமிடத்திலோ நிகழ்ந்த குறை, தறிவீட்டில் நிகழ்ந்த நூல்திருட்டாக எண்ணப்படுவதற்கு இக்கணக்கே வழிவகுக்கும். நெசவாளர் நாணயம் பற்றிக் காலனியகால எழுத்துகளில் காணப்படும் கடுஞ்சொற்களைப் படிப்போர் இதனையும் நினைவில் கொள்வது நேர்மை.

நம்பரைக் காணும் முறைகள்

சீட்டில்லாத நூலின் நம்பரை அறியக் கைத்தறிக்கும் நூற்பாலைக்கும் பொதுவான ஒரு முறை உண்டு. அதற்குத் தராசு தேவையில்லை. நம்பர் தெரிந்த நூல் சிறிது இருந்தால் போதும். தெரிந்த நூலின் இழைகள் சிலவற்றை மடித்து, தெரியாத நூலின் இழைகளை அந்த மடிப்பினுள் கோத்து, இரு பக்கமும் பிடித்து ஒன்றாக முறுக்க வேண்டும். கோத்த இடத்தின் இருபுறத்தையும் விரல்களால் உருட்டிப் பார்த்தால் எப்பக்கம் தடிப்பு என்பது புலப்படும். தடித்த பக்கத்தில் இழையைக் குறைத்தோ மெலிந்த பக்கத்தில் கூட்டியோ இரண்டையும் சமன் செய்ய வேண்டும். 40ஆம் நம்பரின் பத்து இழைக்குத் தெரியாத நூலின் ஒன்பது இழை ஈடாக நின்றால் அது 36ஆம் நம்பர். தனி இழையில் புலப்படாத வேறுபாடு, இழைகளைத் தொகுத்து எண்ணும்போது ஓர் இழையின் ஏற்றத்தாழ்வாக வெளிப்படுகிறது. சிட்டத்தின் நீளத்தை இம்முறை சிறிதும் சார்ந்திராதது; குறைந்த சிட்டத்தின் பொய்யை உடைக்கக் கூடியதும் அதனால்தான். ஆயினும் இது தேர்ந்த விரலின் சான்று. கடைக்காரரிடம் வழக்காட அது போதாது.

இதையே கருவியாக்கியது பீஸ்லி தராசு. குறித்த அளவில் வெட்டிய சிறு இழைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, தராசின் முள் நிலைக்கோட்டைத் தொட்டதும் எண்ணினால், இழைகளின் எண்ணிக்கையே நம்பர். நெய்த துணியின் சிறு துண்டிலிருந்து உருவிய நூலுக்கும் இது பயன்படும். பரிசோதனைக் கூடத்துக்கு உரிய கருவி இது, தறிவீட்டுக்கு வந்ததன்று.

எம்முறையானாலும் சாயமேற்றிய நூல் ஒரு சிக்கலை எழுப்பும். சைதாப்பேட்டைத் தறிகளுக்கு அது அன்றாடச் சிக்கல். வெளுத்தால் நூல் எடை இழக்கும். எண்ணெயும் படிகாரமும் சேர்த்துச் சிவப்பேற்றினால் எடை கூடும். பாவுக்குக் கஞ்சியிட்டால் மேலும் கூடும். ஒரே சிப்பத்தின் சிட்டங்களை வெள்ளையாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் மாற்றியபின் நிறுத்தால் மூன்று நம்பர் வரும். சாயக்காரர் எடுத்த நூலை எடைக்கு எடை திருப்பித் தருவது நூல் குறையவில்லை என்பதற்குச் சான்றாகாது. கூடிய சாயத்தின் எடைக்குள் குறைந்த நூலின் எடை மறைந்திருக்கலாம். அதனோடு ஈரமும் உண்டு. பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. வணிகத்தில் உலர்ந்த எடைக்கு மேல் 8½ விழுக்காடு ஈரம் முறையானதாக ஏற்கப்படுகிறது. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் நிறுத்த சிட்டமும் சித்திரைக் கத்திரியில் நிறுத்த சிட்டமும் ஒத்திருப்பதில்லை. எடையில் விற்பவருக்கு மழைக்காலம் சாதகமானது என்பதை எவரும் ஊகிக்கலாம்.

கதர்ச் சிட்டம்

1925 செப்டம்பரில் பாட்னாவில் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கமும், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அதன் தமிழ்நாட்டுக் கிளையும் சீட்டில்லா நூலின் சிக்கலை வேறொரு முனையிலிருந்து சந்தித்தன. இராட்டையில் நூற்ற நூலுக்குச் சீட்டு பிறப்பிலேயே இல்லை. ஒவ்வொருவர் நூற்ற சிட்டத்துக்கும் தனித்தனியே நம்பர் காண வேண்டும். கூலியும் அதைப் பொறுத்தது. கதர் இயக்கம் நான்கு அடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் 640 சுற்றை ஒரு சிட்டமாகக் கொண்டது. அது 853 கெஜத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆலைச் சிட்டத்துக்கு மிக அண்மையது. 40ஆம் நம்பரில் இச்சிட்டம் 178 கிரெயின் அளவில் நின்று ஒரு தோலாவோடு இன்னும் நெருங்குகிறது. சிட்டம் இரண்டு தோலா நின்றால் ஏறத்தாழ 20ஆம் நம்பர், நான்கு நின்றால் 10 என்று, படிப்பறிவு குறைந்தவரும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு அது.

ஆலைநூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கணக்கில் இல்லை. அளக்கும் இடத்தில் உள்ளது. நிலையத்தில் நூற்றவர் எதிரிலேயே சிட்டத்தை எண்ணவும் நிறுக்கவும் இயலும். ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்கலாம். லங்காஷயரிலோ பம்பாயிலோ சுற்றிய சிட்டத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கட்டுப்பாடும் சட்டமும்

1889ஆம் ஆண்டின் இந்திய வணிகப்பொருட் குறிகள் சட்டம் (4ஆவது சட்டம்), பொருளின் எண்ணிக்கை, அளவு, எடை முதலியவை பற்றிய பொய்யான வணிக விவரத்தைக் குற்றமாக்கியது. துணியின் நீளம் துணியின் மேலேயே முத்திரையிடப்பட வேண்டும் என்றது. துணிக்கு அவ்வளவு தெளிவு இருந்தது. பருத்தி நூலுக்கான தனிப்பிரிவைப் பிற்காலச் சட்டங்களில் காண்கிறோம். சட்டம் இருந்தும், சிப்பத்தைப் பிரித்துச் சில்லறையாக வாங்கியவர் எந்த ஆலைமேல், எந்தச் சீட்டைக் காட்டி முறையிடுவது என்னும் இடர்ப்பாடு நீங்கவில்லை. பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் 1942இல் அறிக்கை அளித்த கைத்தறி, ஆலைகள் பற்றிய உண்மையறியும் குழு, நெசவாளருக்கு நூல் சென்றடையும் வழியில் உள்ள இடையீடுகளை விரிவாக நோக்கியது. மொத்தமாக நூலை வாங்கிச் சங்கங்களுக்கு வழங்கும் அமைப்பாக 1935இல் சென்னையில் தோன்றிய மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் (இன்றைய கோ-ஆப்டெக்ஸ்) இவ்விடர்ப்பாட்டுக்குச் சட்டத்தைவிட நேரடியான மறுமொழி எனலாம். சிப்பம் சங்கத்தில் பிரிக்கப்பட்டால் சீட்டு சங்கத்தில் இருக்கும். கேட்பதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கும்.

1943 ஜூன் மாதம் வந்த துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை சீட்டின் பொருளையே மாற்றிவிட்டது. அதுவரை சீட்டு தரத்தைச் சொன்னது. இனி விலையையும் சொல்லிற்று. நிர்ணய விலைக்கு மேல் விற்க விரும்புபவருக்குச் சீட்டு தடையாயிற்று. அதை அகற்றுவதற்கான காரணமும் அவருக்குக் கிடைத்தது. நூற்பஞ்சக் காலத்தில் கிடைத்த நூலைக் கிடைத்த விலைக்கு வாங்கியவர் நம்பர் கேட்கும் நிலையில் இல்லை. தறி நிற்காமல் இருப்பதே அப்போது பெரிது.

விடுதலைக்குப் பின் 1956இல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் நூற்சோதனையையும் சாய நுட்பத்தையும் நெசவாளருக்கு அருகில் கொணர முயன்றன. சென்னையின் மையம் இன்று பெசன்ட் நகர் ராஜாஜி பவனில், சைதாப்பேட்டையினின்று சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உலக அளவில் ‘டெக்ஸ்’ என்னும் மெட்ரிக் அளவை ஏற்கப்பட்டது. ஆயிரம் மீட்டரின் கிராம் எடையே டெக்ஸ். 40ஆம் நம்பர் அதில் 14.8. கைத்தறிச் சங்கங்களின் பதிவேடுகளில் 14.8 அரிது, நாற்பதே வழக்கு.

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் 81ஆம் பிரிவில் பருத்தி நூலைத் தனியே குறிப்பிடுகிறது. சிப்பமாக விற்கும் நூலுக்குச் சிப்பத்தின் எடையும் நூலின் நம்பரும் வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். தையல்நூலுக்கு நீளம் அல்லது எடை. ஒரே குடும்பத்தார் வேலை செய்யும் இடங்களுக்கும் சிறு கூட்டுறவு இடங்களுக்கும் விதிகளின் மூலம் விலக்களிக்க இடம் உண்டு. சிட்டத்தின் நீளத்தைத் தனியே குறிக்குமாறு இப்பிரிவின் வாசகம் கேட்கவில்லை; எடையும் நம்பரும் உண்மையாயின் நீளம் தானே பெறப்படும் என்பது அதன் தருக்கம். அவ்விரண்டும் உண்மையா என அறிய விரும்புபவர் இன்றும் ஒரு லீயைப் பிரித்து, 54 அங்குலச் சுற்றளவை அளந்து, எண்பது சுற்றையும் எண்ண வேண்டியுள்ளது.